சின்னம்மா படித்த மாற்றாந்தாய்க் கதைகள்

போன மாதம் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்குவதற்காக ஜோகூர் பாருவில் ஒரு பல் மருத்துவரிடம் போயிருந்தேன். கடைவரிசை ஒன்றின் மேல்மாடி. செங்குத்தான படிக்கட்டில் ஏறும்போதே எங்கோ பழகிய இடம் போலிருந்தது. என் வயதுக்கு எல்லா இடமும் பழகிய இடம் போலத்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். நாற்காலியில் சாய்த்து, ஊசி போட்டு, மரத்துப் போகட்டும் என்று காத்திருந்தபோது யாரோ சன்னலைத் திறந்தார்கள். பின்சந்து ரொட்டிக்கடையில் காயா என்ற தேங்காய்ப்பால் ஜாம் வைத்த பன் வேகும் வாசம் உள்ளே வந்தது. அவ்வளவுதான், பிடிபட்டுவிட்டது. நான் படுத்திருந்தது என் சின்னம்மா படித்த வகுப்பறையில்.

வாய்க்குள் மருத்துவரின் இரண்டு கைகளும் இருந்ததால் அப்போது யாரிடமும் சொல்ல முடியவில்லை. அதனால் உங்களிடம் சொல்கிறேன்.

சின்னம்மா என்றால் அம்மாவின் தங்கை என்று நினைத்துவிடாதீர்கள். நான் ஒன்றாம் வகுப்பு படித்தபோது என் அம்மா காய்ச்சலில் போய்விட்டார். அடுத்த வருடமே அப்பா காஹாங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து லூர்துமேரியைக் கட்டிக்கொண்டு வந்தார். அப்பாவின் இரண்டாம் மனைவி. 'சின்னம்மான்னு கூப்பிடு' என்று யாரோ சொன்னார்கள், கூப்பிட்டேன். வந்த அன்றே அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "உனக்கு முட்டை மஞ்சக்கரு புடிக்குமா, வெள்ளைக்கரு புடிக்குமா?" வெள்ளைக்கரு என்றேன். "நல்லதாப் போச்சு, எனக்கு மஞ்சக்கரு" என்றார். எங்கள் உறவு அந்த முட்டையில் தொடங்கியது. இன்றுவரை அதில் சண்டை இல்லை.

எங்கள் தோட்டத்துக்குப் பண்டார் தெங்காராவிலிருந்து உள்ளே போக வேண்டும். எங்கு திரும்பினாலும் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை. அப்பா குலை ஏற்றிக்கொண்டு மில்லுக்கு லோரி ஓட்டினார். விடியும் முன்பே போய்விடுவார். வந்தால் சட்டையில் புளித்த பழ வாசம் இருக்கும், கண்ணில் தூக்கம் இருக்கும், வாயில் பேச்சு இருக்காது. ஆக, வீட்டில் நானும் சின்னம்மாவும்தான். அவருக்கென்று பிள்ளை பிறக்கவில்லை. தோட்டத்துத் தாடிகாவில், அதாவது பாலர் பள்ளியில், சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுக்கும் வேலையில் இருந்தார்.

நாங்கள் இருந்த தொழிலாளர் லயத்தில் அவரை யாரும் தாடிகா டீச்சர் என்று சொன்னதில்லை. "அந்தப் புள்ளயோட மாத்தாந்தாய்" என்றுதான் சொல்வார்கள். எல்லாரையும் விட மோசம் அப்பாவின் அக்கா. குளுவாங்கிலிருந்து வருவார். வாசலில் செருப்பைக் கழற்றியதும் என்னைப் பிடித்து உட்காரவைத்து, தலையைப் பிரித்துப் பேன் பார்ப்பார். பிறகு கையைத் திருப்பிப் பார்ப்பார், காலைத் தூக்கிப் பார்ப்பார். "சூடு கீடு வெக்கிறாளா? அத்தைகிட்ட சொல்லு" என்று காதோடு கேட்பார். அந்த நேரம் சின்னம்மா அடுப்படியில் நின்று அத்தைக்குப் பிடித்த கெம்போங் மீனைப் பொரித்துக்கொண்டிருப்பார். எல்லாம் காதில் விழும். வீடு அவ்வளவுதானே. முழங்காலில் எனக்கு ஒரு தழும்பு உண்டு. கொய்யா மரத்திலிருந்து விழுந்தது. அத்தை நம்பவில்லை. அவரைக் கூட்டிக்கொண்டு போய் மரத்தையும், முறிந்த கிளையையும் காட்ட வேண்டியதாயிற்று. அப்போதும் "மரத்துமேல ஏத்திவிட்டது யாரு?" என்றார்.

அப்பா? அப்பா செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார்.

நான் ஐந்தாம் படிவத்தோடு பள்ளியை முடித்து, குளாயில் ஒரு சரக்குக் கம்பெனியில் சீட்டு எழுதும் கிராணி வேலைக்குச் சேர்ந்த காலத்தில், தாடிகாவில் இருப்பவர்கள் எல்லாரும் டிப்ளோமா வைத்திருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். இல்லாவிட்டால் வேலை இல்லை. சின்னம்மாவின் இடத்துக்கு ஓர் இளம் பெண்ணைக்கூடப் பார்த்து வைத்திருந்தார்கள். சின்னம்மாவுக்கு அப்போது நாற்பதுக்கு மேல். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜோகூர் பாருவில் வகுப்பு. சனிக்கிழமை மாலைப் பூசைக்குப் போய்விட்டால் ஆண்டவர் கோபிக்கமாட்டார் என்று அவரே முடிவு செய்தார். என்னிடம் 'கஞ்சில்' என்ற பழைய சின்னக் காடி, அதாவது கார், இருந்தது. ஓட்டுநர் நான். என் ஓட்டும் திறமையைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. சின்னம்மா பயணம் முழுக்க ஜெபமாலையைக் கையில் வைத்திருந்தார் என்பது போதும்.

முதல் பருவத்தில் நிர்வாகம், சுகாதாரம், சட்டதிட்டம் என்று பாடங்கள். வகுப்பில் தூங்கிவிடுவார். நான் வெளியே நாற்காலியில் தூங்குவேன். இரண்டு பேரும் தூங்குவதற்கு எதற்காக இவ்வளவு தூரம் வர வேண்டும் என்று எனக்கே தோன்றியது.

இரண்டாம் பருவத்தில் 'செரிதா ராக்யாட்' என்று ஒரு பாடம் வந்தது. நாட்டார் கதைகளும் தேவதைக் கதைகளும். முதல் வகுப்பு முடிந்து வெளியே வந்தவரைப் பார்த்து யாராவது பரிசுச் சீட்டு விழுந்துவிட்டது என்று சொன்னார்களோ என்று நினைத்தேன்.

"பாப்பா, இதுக்கெல்லாம் நம்பர் போட்டு வெச்சிருக்காங்கடி!"

"எதுக்கு?"

"கதைக்கு! ஒலகத்துல உள்ள கதைய எல்லாம் வகை வகையா பிரிச்சு நம்பர் போட்டிருக்காங்க. பேசற மாட்டுக்கு ஒரு நம்பர், பாம்பக் கட்டிக்கிட்டவளுக்கு ஒரு நம்பர். எங்கம்மா சும்மா வாய்க்கு வந்தத சொன்னாங்கன்னுல நெனச்சேன்!"

குளாய் வரும்வரை பேச்சு நிற்கவில்லை. ஜெபமாலை கைப்பைக்குள்ளேயே கிடந்தது. மலாயில் கஞ்சில் என்றால் சருகுமான். முதலையை ஏமாற்றி ஆற்றைக் கடந்த அந்தச் சருகுமானின் கதையைத்தான் அன்று படித்திருந்தார்கள். "கதை படிக்கப் போறவளுக்குக் கதைக்காடி" என்று டேஷ்போர்டைத் தட்டிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு எங்கள் வீடு வீடாக இல்லை. கதைகளில் எதுவும் மூன்று முறை நடக்கும் என்று படித்துவிட்டு வந்த வாரம், அப்பா டீ கேட்டால், "மூணாவது தடவ கேட்டாத்தான் கெடைக்கும். அதான் விதி" என்றார். அப்பா நிஜமாகவே மூன்று முறை கேட்டார். மோட்டார் சைக்கிளில் ரொட்டி விற்க வரும் ஆளை நிறுத்தி, உங்கள் ஊரில் தவளையாக மாறிய ராஜகுமாரன் உண்டா என்று விசாரித்தார். மூன்று அண்ணன் தம்பிகள் இருக்கும் கதையில் எப்போதும் கடைசித் தம்பிதான் ஜெயிப்பான் என்று தெரிந்துகொண்ட பிறகு, எங்கள் வீட்டுக் கடைசிக் கோழிக்குஞ்சுக்குத் தனி மரியாதை கிடைத்தது. எத்தனை குழம்பு அடிப்பிடித்தது என்று நான் கணக்கு வைக்கவில்லை. அடிப்பிடித்த குழம்பையும் அவர் சிரித்துக்கொண்டே பரிமாறுவார். சின்னம்மா அவ்வளவு சிரித்து அதற்கு முன்பு நான் பார்த்ததில்லை.

வகுப்பில் அவருக்கு இரண்டு தோழிகள். கோத்தா திங்கியிலிருந்து வரும் சல்மா அக்கா, நாங்கள் மலாயில் கக் சல்மா என்போம். பெக்கான் நானாஸிலிருந்து அன்னாசிப் பழத்தோடு வரும் மெய் லிங். இடைவேளையில் மூவரும் கடை முன் ஐந்தடி நடைபாதையில் நின்று அந்தக் காயா பன்னைத் தின்பார்கள், எனக்கும் ஒன்று வாங்கித் தருவார்கள். ஒரு நாள் கக் சல்மா, அவருடைய கம்பத்தில், மலாய்க் கிராமத்தில், சொல்லும் ஒரு கதையைச் சொன்னார். சித்திக் கொடுமையில் அழும் பெண்ணுக்குக் குளத்து மீன் ஒன்று ஆறுதல் சொல்கிறது. சித்தி அந்த மீனைப் பிடித்துச் சமைத்துவிடுகிறாள். மெய் லிங் பன்னை வாயில் வைத்தபடியே "அலமாக்!" என்று கத்தினாள். அவளுடைய பெரியம்மா சொன்ன சீனக் கதையிலும் மீன்தான். சமைத்த பிறகு எலும்பை எடுத்து ஒளித்துவைத்தால் அது கேட்டதைத் தருகிறது. சின்னம்மா இரண்டு பேர் கையையும் பிடித்துக்கொண்டார். "எங்களுடையதில் பசுமாடு" என்றார் மலாயில். "மீனுக்குப் பதில் பசு. மற்றதெல்லாம் அதே கதை." மூன்று பெண்களும் நடைபாதையில் சிறு பிள்ளைகள் மாதிரி குதித்தார்கள். பன் வாங்க வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவும் நிறையப் பொறாமையாகவும் இருந்தது. என் அலுவலகத்தில் சரக்குச் சீட்டைப் பார்த்து யாரும் இப்படிக் குதித்ததில்லை.

பருவ முடிவில் ஒவ்வொருவரும் ஒரு தலைப்பை எடுத்து, வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்பு மலாயில் பேச வேண்டும். அதில் தேறாவிட்டால் டிப்ளோமா இல்லை. கக் சல்மா மிருகங்களை எடுத்தார். மெய் லிங் மந்திரப் பொருள்களை எடுத்தாள்.

"நீங்க என்ன எடுத்தீங்க சின்னம்மா?"

"மாத்தாந்தாய்" என்றார்.

நான் காடியை ஓரங்கட்டவில்லை, ஆனால் கியர் மாற்ற மறந்துவிட்டேன்.

"வேற ஏதாச்சும் எடுக்கலாம்ல? ராட்சசன், பூதம்…"

"ஏன்? எல்லாக் கதையிலயும் நாங்கதான் வில்லி. நாங்க இல்லன்னா கதையே நகராது. அவ்ளோ முக்கியமான ஆளுங்கள விட்டுட்டு பூதத்த எடுக்கச் சொல்றியா?"

தேடித் தேடிப் படித்தார். கிடைத்த கதைகளையெல்லாம் எனக்கும் சொன்னார். அடிக்கிறவள், சூடு வைக்கிறவள், காட்டில் விடச் சொல்கிறவள், விஷம் வைக்கிறவள் என்று ஒருத்திக்கொருத்தி சளைக்கவில்லை. நான்தான் போதும் போதும் என்று காதைப் பொத்திக்கொண்டேன். அவரோ தன் சொந்தக்காரர்களின் குறும்புகளைச் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு ஒரு சாயங்காலம், பயற்றங்காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"பாப்பா, இந்தக் கதைங்கள்ல எல்லாம் அப்பன் எங்கடி போறான்?"

"எந்த அப்பன்?"

"அந்தப் பொண்ணோட அப்பன். செத்துப் போயிட்டான்னு எங்கயும் சொல்லல. கல்யாணம் கட்டுற வரைக்கும் இருக்கான். அப்பறம் காணாமப் போயிடறான். புள்ளைக்குச் சோறு இல்ல, அடி விழுது, அப்பவும் காணோம். கடைசில ராஜகுமாரன் வந்து கல்யாணம் நடக்கும்போதுகூட வரமாட்டேங்கறான்."

இருவரும் சேர்ந்து ஒவ்வொரு கதையாக மறுபடி பார்த்தோம். ஒருவன் கப்பல் வியாபாரத்துக்குப் போயிருந்தான். ஒருவன் சீக்காகப் படுத்திருந்தான். மற்றவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. கூடத்தில் உட்கார்ந்திருந்த அப்பா தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

மலாய்தான் பயமாக இருந்தது. சின்னம்மாவுக்குத் தெரிந்தது சந்தையில் பேசும் மலாய். "மீன்காரன்கிட்ட வெல பேசற மாதிரி இருக்கு" என்றார் அப்பா, ஒரு நாள் கேட்டுவிட்டு. வாரக்கணக்காக என் முன்னால் நின்று பேசிப் பேசிப் பழகினார். நான் கண்ணை மூடினால் தொடையில் கிள்ளுவார். சூடு வைக்காத மாற்றாந்தாய், ஆனால் நன்றாகக் கிள்ளுவார்.

அந்த ஞாயிறு காலையில் கஞ்சில் கிளம்ப மறுத்துவிட்டது. சாவியைத் திருப்பத் திருப்ப இருமியது, பிறகு அதுவும் இல்லை. சின்னம்மா பட்டுச் சேலையில் வாசலில் நின்றார். பஸ்ஸுக்குப் போனால் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்பா லுங்கியோடு வெளியே வந்து காடியைப் பார்த்தார், சின்னம்மாவைப் பார்த்தார். உள்ளே போய்க் கால்சட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

"லோரில ஏறுங்க" என்றார்.

குலை லோரியின் முன்னிருக்கையில், பட்டுச் சேலையை முழங்காலுக்குள் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, என் சின்னம்மா தேர்வுக்குப் போனார். பின்னால் காலித் தொட்டி தடதடவென்று அடித்தது. பழத்தின் புளித்த வாசத்தோடு அவருடைய மல்லிகை வாசமும் கலந்திருந்தது. வழி நெடுக உதடு மட்டும் அசைந்தது. ஜெபமா மலாயா தெரியவில்லை. கடைவரிசை முன்பு எங்களை இறக்கிவிட்டு, நிறுத்த இடம் தேடி அப்பா லோரியோடு போனார்.

குடும்பத்தாரும் உட்காரலாம் என்றார்கள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். சின்னம்மா எழுந்து நின்று முதல் சில வரிகளை ஒப்பிப்பதுபோலச் சொன்னார். ஒரு மலாய்ச் சொல் வராமல் நின்றார். கக் சல்மா உதட்டசைவில் எடுத்துக்கொடுத்தார். பிறகு அந்த மீனும் எலும்பும் பசுவும் வந்ததும் குரலுக்கு உயிர் வந்துவிட்டது. தாடிகாவில் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோலக் கையை விரித்து, கண்ணை உருட்டிச் சொன்னார். மூன்று சமூகத்துச் சித்திகளையும் வரிசையாக நிறுத்தினார். எல்லாரும் சிரித்தார்கள். கடைசியில் நிறுத்தி, மெதுவாக, "அயா கெ மானா?" என்று கேட்டார். அப்பா எங்கே போனார்? வகுப்பில் சிரிப்பு நின்றது.

தேர்வாளர் கண்ணாடி போட்ட, கண்டிப்பான ஒரு மலாய் அம்மையார். "நல்ல கேள்வி. ஆனால் இத்தனை தலைப்புகள் இருக்க, நீங்கள் ஏன் இதைத் தேர்ந்தெடுத்தீர்கள்?" என்றார்.

சின்னம்மா என் பக்கம் கையை நீட்டினார். "நான் மாற்றாந்தாய். அதோ, அது என் மகள்."

எல்லாத் தலைகளும் திரும்பின. நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றுகிறது? கம்பீரமாக எழுந்து நின்றிருக்கலாம். நான் செய்தது, தாடிகாப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கியது. "ஆமாம், நான்தான்" என்று வேறு சொன்னேன். என் வாழ்நாளில் அவ்வளவு பெருமையாக நான் கையைத் தூக்கியதில்லை.

"அப்படியானால் இந்தக் கதைகளை இனிமேல் பிள்ளைகளுக்குச் சொல்லக் கூடாது என்கிறீர்களா?" என்று அம்மையார் விடவில்லை.

"சொல்வேன்" என்றார் சின்னம்மா. "பிள்ளைகளுக்குப் பயப்படப் பிடிக்கும், பக்கத்தில் யாராவது இருந்தால். ஆனால் கதை முடிந்ததும் இந்தக் கேள்வியைக் கேட்பேன். போன வாரம் எங்கள் தாடிகாவில் கேட்டுப் பார்த்தேன். ஒருவன், அப்பா வேலைக்குப் போயிருக்கிறார் என்றான். ஒருத்தி, தூங்குகிறார் என்றாள். பாதிப் பிள்ளைகள், சிங்கப்பூர் போயிருக்கிறார் என்றார்கள்."

அறையே வெடித்துச் சிரித்தது, ஜோகூர்க்காரர்களில் பாதிப் பேருக்குப் பிழைப்பு அங்கேதான். கண்டிப்பான அம்மையார் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் பார்த்தேன், கதவோரம் அப்பா நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார், எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. அவர் சிரிக்கவில்லை.

திரும்பும்போது லோரியில் அப்பாவின் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தேன். எனக்குப் பயமாக இருந்தது. குளாய் தாண்டிய பிறகு, பாதையைப் பார்த்தபடியே அப்பா வாயைத் திறந்தார்.

"அந்தக் கதையில உள்ள அப்பனுங்களும் லோரிதான் ஓட்டியிருப்பானுங்க லா."

சின்னம்மா சிரிக்கத் தொடங்கினார். சேலை முந்தானையை வாயில் வைத்து அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார். அப்பாவும் சிரித்தார். நான் நடுவில் உட்கார்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அத்தை வந்தார். நான் சம்பாதிக்கிற பெண், கல்யாணத்துக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அப்போதும் என் கையைப் பிடித்துத் திருப்பினார். "என்ன எளச்சுப் போயிருக்க? அவ ஒழுங்கா ஆக்கிப் போடறாளா?" என்று கேட்டார். வழக்கம்போல அடுப்படியில் மீன் பொரியும் சத்தம். வழக்கம்போல அப்பாவின் கையில் செய்தித்தாள்.

அப்பா அதை மடித்து வைத்தார்.

"அக்கா, இந்தப் புள்ளைக்கு அப்பன் நான். சோறு போடறனா இல்லையான்னு என்னக் கேளு. இத்தன வருஷமா அவளையே கேட்டுக்கிட்டு இருக்க."

"நான் என்னடா தப்பா கேட்டுட்டேன்?"

"தப்பில்ல. கேள்விய ஆள் மாத்திக் கேக்கற, அதான் சொல்றேன். அவ டிப்ளோமா படிக்கிற டீச்சர். இனிமே டீச்சர்னு சொல்லு."

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றுபோனது. கொஞ்ச நேரத்தில் மீன் தீயும் வாசம் வந்தது. எங்கள் வீட்டில் அத்தைக்குத் தீய்ந்த மீன் பரிமாறியது அன்று ஒரு நாள்தான். அதையும் அத்தை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்.

நிர்வாகப் பாடத்தில் சின்னம்மா தட்டுத் தடுமாறித்தான் தேறினார். கதைப் பாடத்தில் வகுப்பிலேயே முதல். பட்டமளிப்புக்குக் கறுப்பு அங்கி போட்டு எடுத்த படத்தில் எங்கள் மூவரில் அதிகம் சிரிப்பது அப்பா. அதன் பிறகு சின்னம்மா அந்தத் தாடிகாவில் ஓய்வு பெறும் வரை டீச்சர். கேள்வி கேட்கும் டீச்சர். பக்கத்துத் தோட்டங்களிலிருந்துகூட அவர் கதை சொல்லும் நாளில் பிள்ளைகளைக் கொண்டு வந்து விட்டார்கள்.

இப்போது அந்தத் தாடிகா உரம் வைக்கும் கொட்டகை. லயத்து வீடுகளை இடித்து அங்கேயும் செம்பனை நட்டுவிட்டார்கள். கொய்யா மரம் இருந்த இடத்தை என்னாலேயே காட்ட முடியாது. அத்தை இல்லை. அப்பாவும் போன வருடத்துக்கு முந்தின வருடம் போய்விட்டார். மெய் லிங் மகனோடு ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள். லயத்தில் எங்களோடு இருந்தவர்கள் எந்த எந்தத் தாமான் குடியிருப்பில் இருக்கிறார்கள் என்றுகூடத் தெரியாது. சின்னம்மா என்னோடு குளாயில் இருக்கிறார்.

போன வாரம் பக்கத்து வீட்டுக்கு ஒரு தமிழ்க் குடும்பம் குடிவந்தது. அந்த இளம் பெண் காலைப் பசியாறுதலுக்குத் தோசை கொண்டுவந்து கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்து, "உங்க அம்மாவாக்கா?" என்று கேட்டாள்.

சின்னம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அம்மா இல்ல. மாத்தாந்தாய்" என்றார், பட்டத்தைச் சொல்வதுபோல.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டாள்:

"அப்படின்னா என்ன ஆன்ட்டி?"